ரோபோவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

மூன்றரை வயதாகியும் என் மகன் பேசவில்லை. வேண்டியதற்கெல்லாம் "ஊ" என்று ஒரு சத்தம். தண்ணீருக்கு ஒரு "ஊ", வெளியே போக ஒரு "ஊ". எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அவன் வாயைத் திறப்பதற்குள் டம்ளர் கையில் இருக்கும். அப்போது அதைப் பெருமையாக நினைத்தேன்.

சிட்லபாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் சிங்கப்பூர் போயிருந்த என் கணவர், திரும்பும்போது ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தார். உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு ரோபோ. தலை, கை, கால் எல்லாம் மனிதனைப் போலவே இருந்தன. நெற்றி நடுவில் மட்டும் மிளகு அளவு ஒரு துளை. வீட்டு வேலைக்கு உதவும், பொழுதுபோக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. உதவி என்றால், கையில் ஒரு கைக்குட்டையை மாட்டிவிட்டால் ஹாலிலிருந்து சமையலறைக்கு எடுத்துவரும். அதுவும் நிலைப்படி வரைதான். அங்கே தடுக்கி மல்லாந்துவிடும்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்கா மாடியேறி வந்து பார்த்தார்.

"ஏம்மா, இது பாத்திரம் தேய்க்குமா?"

"இல்லக்கா. டான்ஸ் ஆடும்."

"நம்ம வீட்டு ஆம்பளைங்க அதுகூட ஆட மாட்டாங்க. வச்சுக்கோ."

அது ஆங்கிலத்தில் பத்து வார்த்தைகளைப் புரிந்துகொள்ளும். 'கம்' என்றால் வரும், 'ஸ்டாப்' என்றால் நிற்கும். வார்த்தை சரியாக விழாவிட்டால் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். கோபப்படாது, தானாக யூகிக்காது. என் மகன் அதன் முன்னால் உட்கார்ந்து "அம், அம்" என்றான். அது தலையைச் சாய்த்தது. இருபது தடவையாவது இருக்கும். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது அவன் வாயிலிருந்து தெளிவாக 'கம்' என்று வந்தது. கண்ணில் பச்சை விளக்கு எரிய, அது அவனை நோக்கி இரண்டு அடி நடந்தது.

அவன் பேசிய முதல் வார்த்தை அது. எனக்காகச் சொன்னதல்ல. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யூகித்து யூகித்து நான்தான் இவனைப் பேசவிடாமல் செய்துவிட்டேனோ என்ற எண்ணம் அன்றுதான் முதலில் வந்தது.

விஜயதசமிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஒரு நர்சரிப் பள்ளி இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவனையும் கூட்டிக்கொண்டு முன்கூட்டியே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவன் அங்கே அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை.

"அன்னைக்குக் கூட்டிட்டு வாங்கம்மா. பேரு கேட்டா பேரு சொல்லணும், அது போதும். அதுவும் சொல்லலைன்னா எங்க டீச்சர்ஸால சமாளிக்க முடியாது" என்றார்.

ரோபோவின் மார்பில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திப் பிடித்துப் பேசினால் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்துகொள்ளும். "உன் பேர் என்ன?" என்று என் குரலில் பதிந்தேன். பொத்தானைத் தட்டினால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, கண்ணில் சிவப்பு விளக்கோடு காத்திருக்கும். பதிலாக ஏதாவது சத்தம் காதில் விழுந்தால் கண் பச்சையாகி இரண்டு கையையும் தட்டும். அந்தக் கைதட்டலுக்காக அவன் எதையும் செய்வான். முதலில் பெயரின் கடைசி எழுத்து மட்டும் வந்தது. ஒரு வாரத்தில் பாதிப் பெயர். அதே கேள்வியை, அதே குரலில், நானே நேராகக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இது சரியான வழிதானா என்று தினமும் சந்தேகம் வந்தது. நாள் குறைவாக இருந்ததால் நிறுத்தவில்லை.

ஆயுத பூஜை வந்தது. என் கணவர் ஸ்கூட்டரையும் கம்ப்யூட்டரையும் துடைத்தார். நான் மிக்ஸி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ரோபோவைத் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால், புத்தகங்களுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். மற்றவற்றுக்குப் பொட்டு வைக்க இடம் தேட வேண்டும். இதற்கு நெற்றியே இருந்தது. நாளைக்கு என் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மற்ற எதற்கும் வைக்காத அளவுக்குப் பெரிதாக, அழுத்தி வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. அவன் அதன் முன்னால் நின்று அன்று முழுவதும் அழுதான்.

"ஒரு நாள் எடுத்தா என்ன? சாமி கோவிச்சுக்காது" என்றார் கணவர்.

"நாளைக்கு அவன் பேசலைன்னா இன்னைக்கு எடுத்ததாலதான்னு எனக்குத் தோணும். வேண்டாங்க."

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டியதும் ரோபோவைக் கீழே இறக்கி, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்து, பொத்தானை அழுத்தினேன். "உன் பேர் என்ன?" என்று என் குரலில் கேட்டது. அவன் பாதிப் பெயரைச் சொன்னான். அது அசையவில்லை. கண் சிவப்பாகவே இருந்தது.

மறுபடி சொன்னான். அசைவில்லை.

"அந்த ஓட்டைதான் அதோட மைக்கு. அதுலயா சந்தனம் வச்சே?" என்றார் கணவர்.

"நெத்தியில வைக்காம வேற எங்க வைப்பாங்க?"

சந்தனம் துளைக்குள் இறுகிக் காய்ந்திருந்தது. ஊக்கை எடுக்க ஓடினேன். என் முதுகுக்குப் பின்னால் அவன் மூன்றாவது முறை சொன்னான், சத்தமாக, முழுப் பெயரையும். அதுவரை யாரும் அவன் வாயால் கேட்டிராத முழுப் பெயர். நான் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. டிராயரைக் கலைத்து ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். கைதட்டியிருக்கலாம். தூக்கி முத்தம் கொடுத்திருக்கலாம். "சொன்னியே கண்ணா" என்றாவது சொல்லியிருக்கலாம். நான் ஊக்கோடு வந்து, ரோபோவை மடியில் கிடத்தி, துளையைக் குத்திக்கொண்டிருந்தேன்.

"குத்தாத, உள்ள போயிடும்" என்றார் கணவர். உள்ளேதான் போனது.

மகன் சிறிது நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

இருந்தாலும் ரோபோவைப் பெரிய பையில் வைத்துப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். கேள்வியாவது கேட்குமே, பழக்கத்தில் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். தலைமையாசிரியை முன்னால் தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. அவன் கையைப் பிடித்து 'அ' எழுதவைத்தார். ஒழுங்காக எழுதவிட்டான்.

"உன் பேர் என்ன கண்ணா?"

பதில் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. வரிசையில் நின்ற பெற்றோர் எல்லாரும் பார்க்க, நான் பட்டுப்புடவையோடு குனிந்து, ரோபோவை வெளியே எடுத்து மேஜைமேல் நிறுத்தினேன்.

"என்னம்மா இது?"

"இது கேட்டா சொல்லுவான் மேடம். ஒரு நிமிஷம்."

அழுத்தினேன். "உன் பேர் என்ன?" என்று என் குரல் அந்த அறையில் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அவன் ரோபோவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உதடு அசையவில்லை. மீண்டும் அழுத்தினேன். மீண்டும். நான்காவது முறை கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காது கேட்காத ஒன்றிடம் ஏன் பேச வேண்டும்? காலையில் மூன்று முறை சொல்லிப் பார்த்து அவன் கண்டுபிடித்தது அது. பிள்ளைக்கு அறிவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அறிவில்லாதவள் நான்தான்.

தலைமையாசிரியை கோபப்படவில்லை. விண்ணப்பத்தை என்னிடமே திருப்பித் தந்து, குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா. முதல்ல காதையும் பேச்சையும் செக் பண்ணிடுங்க. குரோம்பேட்டைல ஆஸ்பத்திரி இருக்கே. தள்ளிப்போடாதீங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றேன். கணவருக்கு ஆபீஸ். ஜன்னலுக்குள் இருந்தவர் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, நிமிராமல் கேட்டார்.

"புள்ள பேசுமா?"

பேசும் என்றால் அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பேசாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா யோசிச்சுகினு கீற? பின்னால ஆள் நிக்குது. பேசுமா, பேசாதா, ஒண்ணு சொல்லு."

"நேத்து மூணு தடவை பேசினான் சார்."

"யார்கிட்ட?"

நான் குனிந்து அவனைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சீட்டில் 'பேசாது' என்று எழுதி, ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார்.