முனை மடங்கிய அட்டை

ஞானப்பூ அக்கா இறந்த செய்தியை அவருடைய தங்கை லில்லி எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்து சொன்னாள். மட்டாஞ்சேரி ஜெட்டியில் நின்றபடியே சொன்னாள்: "காலையில சாயா கேட்டா. ஆத்திக் கொண்டுட்டு வாறதுக்குள்ள போயிட்டா." நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர் சரியாப் பார்த்தாரா?" எதையும் உடனே நம்பாத என் புத்தி சாவுச் செய்தியிலும் மாறவில்லை. அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

நம் தமிழ்ச் சபையில் பலரும் அவரை நன்றாகப் பாடுகிறவராகவே அறிவீர்கள். எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர். ஐம்பதுகளின் கடைசியில், பஜாரில் மிளகு ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் இருவரும் தட்டச்சு செய்தோம். மிளகுத் தூசியில் அங்கே எல்லோரும் இருமுவார்கள். என் இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் காசம் என்று தெரிந்தது.

சபையார் வாசலோடு ஜெபித்துவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் தினமும் வேலை விட்டு வந்து என் கட்டிலோரம் உட்காருவார். அது எனக்கு உறுத்தியது. வேலை தேடிக்கொண்டிருந்த லில்லிக்கு என் நாற்காலியைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "இன்னும் எத்தனை நாளாகுமாம்?" என்று அவர் கேட்டபோது, "மேனேஜர் கேட்டு வரச் சொன்னாரா?" என்றேன்.

"ஏட்டி, உனக்கு நெஞ்சுல மட்டுமில்ல, மண்டையிலயும் கிருமி இருக்கு," என்று ஆரஞ்சை உரித்துக் கையில் வைத்தார். என் கடிதங்களையும் சேர்த்துத் தட்டி என் இடத்தைக் காத்தவர் அவர்தான் என்பது வேலைக்குத் திரும்பிய பிறகே தெரிந்தது.

டிசம்பரில் ஊசி போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டேன். அந்த மருந்தால் காதில் ஓயாத இரைச்சல். பிழைக்கமாட்டேன் என்று எல்லோரும் என்னிடம் மறைப்பதாகத் தோன்றியது. அம்மா அழுதாள். ஜெபமும் நின்றுவிட்டது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் கண்ணை மூடி, பெட்டியிலிருந்து ஒரு வேத வசன அட்டை எடுப்பதும், அதையே அந்த வருஷத்து வாக்குத்தத்தமாக வைத்துக்கொள்வதும் நம் வழக்கம். அன்று அக்கா அந்தப் பெட்டியையே என்னிடம் கொண்டுவந்தார். சுகத்தை வாக்களிக்கும் வசனம் எனக்கு வந்தது. மற்ற அட்டைகளெல்லாம் விறைப்பாக இருந்தன. இதற்கு மட்டும் ஒரு முனை மடங்கியிருந்தது.

"அக்கா, இதை மேல வச்சுத்தானே நீட்டினீங்க?"

"எடுத்தது உன் கைதானே? நாளைக்கு ஊசிக்கு வாறியா, இல்லையா?"

போனேன். வசனத்தை நம்பி அல்ல. நான் பிழைப்பதில் இவருக்கு என்ன ஆதாயம் என்று கண்டுபிடிக்கவே போனேன். அந்த ஈஸ்டருக்கு ஆலயத்துக்கு நடந்து சென்று, மூச்சு வாங்காமல் ஒரு சரணம் முழுதும் பாடினேன். பாதியில்தான் உணர்ந்தேன், நான் மறுபடி ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து அக்கா இருதய நோயால் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் படுத்தார். புத்தாண்டன்று நான் பெட்டியோடு போனேன். பழைய அட்டையை மேலே வைத்திருந்தேன். எடுத்ததும் விரலால் முனையைத் தடவினார்.

"திருட்டுக் கழுதை!"

"அப்போ அன்னைக்கு நீங்களும் திருடினீங்கதானே?"

"திருடலட்டி. ஆலயத்துல எனக்கு வந்தது அது. அடையாளத்துக்கு மடக்கினேன்." சற்று மூச்சு வாங்கினார். "நெஞ்சுல வால்வு பழுதுன்னு அந்தக் கிறிஸ்மஸுக்குத்தான் எனக்குச் சொல்லியிருந்தாங்க."

"உங்களுக்கு வரவேண்டிய சுகத்தை நான் வாங்கிட்டேனே அக்கா," என்றேன்.

"கர்த்தர் என்ன ரேஷன் கடையா வச்சிருக்காரு, அட்டையைப் பார்த்துக் கொடுக்க?"

ஜெட்டியில் சாவுச் செய்தியைச் சொன்ன கையோடு லில்லி அந்த அட்டையை என் கையில் வைத்தாள். "உங்கிட்டக் கொடுக்கச் சொன்னா. அடுத்து யாராவது படுத்தா வேணுமாம்."

அவர் பிழைக்கவில்லை. அதனால் அட்டையில் இருப்பதை என்னால் இன்றும் கேள்வி கேட்காமல் படிக்க முடியவில்லை. அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத கையை நம்புகிறேன். அந்தக் கைக்கு அதைக் கொடுத்தவரையும், மெல்ல மெல்ல.

அட்டை என் பையில் இருக்கிறது. நம் சபையில் யாராவது படுக்கையில் விழுந்தால் சொல்லி அனுப்புங்கள். பெட்டியோடு வருவேன். முனை மடங்கியிருப்பதைப் பார்த்தால் கேட்காதீர்கள்.