சவேரி அண்ணையின் நீண்ட மன்றாட்டு

டென்மார்க்கில் இந்த எஸ்பியர்க் தமிழ்ப் பூசைக்கு வரும் உங்கள் எல்லாருக்கும் சவேரி அண்ணையைத் தெரியும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஞாயிறு பூசையில் வாசிக்கும் மன்றாட்டுகளை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அவருடைய மனைவி அழைத்தார். "அவர் போயிட்டார் தம்பி, நித்திரையிலேயே" என்றார். முதல்நாள் அண்ணை அனுப்பிய மன்றாட்டு என் முன்னால் திரையில் இருந்தது. அதன் கடைசி வரியை அப்போதுதான் வெட்டியிருந்தேன்.

வெட்டுவது என் வேலை. ஆளுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் ஒழுங்கு. மற்றவர்கள் நோயாளிகளுக்காகவும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுவார்கள். அண்ணை ஆபிரிக்காவுக்காக மன்றாடுவார். செம்புச் சுரங்கம், துறைமுகக் குத்தகை, எந்த வல்லரசு எங்கே கால் வைத்தது என்று அது நீளும். கடவுளும் பேப்பர் வாசிக்கிறவர்தானே என்று ஒருமுறை பகிடி விட்டேன். "அவர் வாசிப்பார். எங்கட ஆக்கள் வாசிக்கினமில்லையே" என்றார்.

இங்கே வருமுன் அவர் சாம்பியாவில் கணித ஆசிரியர். அந்நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து பலர் அப்படிப் போனார்கள். மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கிய காலமெல்லாம் அந்த ஊர்க் கதைதான். உலகத்தில் அதிகாரம் கைமாறுகிறது, இனி ஆபிரிக்காவுக்கு நல்ல காலம் என்று எங்கேயோ கேட்டதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். "செம்பு வாங்க வாற ஆக்கள் கூடினால் நல்லதுதான். விலை சொல்லுற இடத்தில அந்தச் சனம் இருக்குதோ எண்டதுதான் என்ர பயம்" என்றார்.

மகள் டிலானி தாதியாகி அதே ஊருக்குப் போனதும் அந்தப் பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவளுடைய ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுத்துவந்த நாடு இந்த வருடம் கையை விரித்தது. வேறொரு நாட்டின் சுரங்கக் கம்பனி, ஆஸ்பத்திரியைத் தான் நடத்துவதாகச் சொல்லி ஆற்றங்கரை நிலத்தைக் கேட்டது. ஊர் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். திரும்பி வா என்று அண்ணை கெஞ்ச, நான் வந்தால் இங்கே யார் இருக்கிறார்கள் என்று அவள் டேனிஷில் கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் தேநீர் எடுக்கப் போய்விட்டேன்.

நான் வெட்டிய வரி இது: "மருந்தில்லாத பயத்தில் அந்தச் சனம் தண்ணீரை எழுதிக் கொடுத்துவிடாதிருக்க, அவர்களுக்குக் கொஞ்சம் காலம் தந்தருளும்."

அடக்கப் பூசையில் முழுவதையும் வாசித்தேன். வெட்கமாக இருந்தது. வெளியே வந்ததும், அடக்கத்துக்கு வந்திருந்த டிலானி என்னிடம் வந்தாள். ஊர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, முடிவெடுக்கும் கூட்டம் வருகிற வியாழக்கிழமை, அதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றாள். எப்போதும் டேனிஷில் கதைப்பவள், தமிழில் கேட்டாள்: "மாமா, ஞாயிறும் வாசிப்பீங்களோ?"

ஓம் என்றேன்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய பயம்தான். இப்போதெல்லாம் காலையில் முதலில் தேடுவது அந்த நாட்டுச் செய்தியை. நேற்றுத்தான் அந்த வியாழக்கிழமை. டிலானியிடமிருந்து இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. நாளை மன்றாட்டுகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அவருடையதை இன்றைக்கே முதலாவதாகப் போட்டுவிட்டேன், முழுவதுமாக.