சினியாவின் டிசம்பர்

எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் யாருக்கும் "முடியாது" என்று சொல்வதில்லை. "நாளைக்கு வந்து கூரைத் தகரத்தைக் கொஞ்சம் பிடிக்கிறாயா?" என்று கேட்டால், "அதுக்கென்ன, இதோ வந்துடறேன்" என்பார்கள். வர மாட்டார்கள். வர மாட்டார்கள் என்பது கேட்டவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த "இதோ" வாயிலிருந்து வந்தாக வேண்டும். ஒருத்தர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதென்பது எங்களுக்குக் கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். நான் கல்யாணமாகித் தலைநகரத்திலிருந்து வந்தவள். முப்பது வருஷமாகியும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிபடவில்லை, பிடிக்கவும் இல்லை.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் என் நாத்தனார் சினியா மட்டும் வேறு மாதிரி. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அதனால்தான் எனக்கும் அவளுக்கும் அவ்வளவு ஒட்டுதல். நாத்தனார் என்றால் ஆகாது என்பார்கள். எனக்கு அவள்தான் இந்த ஊர்.

அவளும் புருஷன் எலியேசரும் வீட்டுக்குப் பின்னால் விருந்தாளிகள் தங்க இரண்டு மரக்குடில் வைத்திருந்தார்கள். எலியேசரின் அப்பா அந்தக் காலத்தில் வெட்டாமல் விட்ட காட்டு அவகாடோ மரங்கள் அங்கே நிற்கின்றன. அந்தப் பழத்துக்காகக் கெட்சல் பறவை வரும். பச்சை உடம்பு, சிவந்த வயிறு, ஆணுக்கு ஒரு முழத்துக்கு மேல் வால். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பறவையைக் காட்டுவது எலியேசர் வேலை. அவர்கள் எங்கள் நாட்டில் எங்கே போகலாம், எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம் என்று முழுப் பயணத்தையும் போட்டுக் கொடுப்பது சினியாவின் வேலை. அடுப்பில் பீன்ஸ் கொதிக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவாள்.

"ஆகஸ்டுலயா வர்றீங்க? பறவை இருக்கும், வால் இருக்காது. உதிர்ந்துடும். வாலோட பார்க்கணும்னா மார்ச்ல வாங்க."

எலியேசர் பதறுவான். "ஏன்டி, வர்றவங்களை விரட்டறே? இருக்கும்னுதான் சொல்லேன்."

"நீ சொல்லு. அவங்க மழையில நின்னு உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போகட்டும்."

திமிங்கலத்துக்கு எந்தக் கரை, ஸ்லாத் என்கிற சோம்பேறி விலங்கு எந்த மரத்தில் தொங்கும், சிவப்புக் கிளிகள் எத்தனை மணிக்கு ஆற்றைத் தாண்டும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. போய் வந்தவர்களைக் குடைந்து குடைந்து கேட்டுச் சேர்த்த அறிவு. கடலையே வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் யாரோ ஒரு உறவுக்காரர் கல்யாணம்.

அவளுக்கென்று ஒரே ஒரு ஆசை இருந்தது. வடமேற்கில் ஒஸ்டியோனல் என்ற கரையில் தேய்பிறை நாட்களில் கடலாமைகள் ஆயிரக்கணக்கில் ஏறி வந்து முட்டையிடும். ஒரு விருந்தாளி அதைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினார். கரையே நகர்வது போல் இருந்தது. சினியா அடுப்பை மறந்துவிட்டாள், பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது.

"அண்ணி, பாருங்களேன். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போகுதுங்க. ஒரு மன்னிப்பு உண்டா, நீங்க முன்னாடி போங்கங்கற மரியாதை உண்டா? நம்ம ஊர் ஆளுங்க பார்த்தா மயக்கம் போட்டுடுவாங்க!"

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து, "அந்த ஆமைங்களை நான் பார்த்தே ஆகணும்" என்பாள். எலியேசர் ஒவ்வொரு வருஷமும், "ஆகட்டும், இதோ போகலாம்" என்பான். போனதில்லை.

போன ஜூலையில் அவளுக்கு வயிறு சரியில்லாமல் போனது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எலியேசர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். திரும்பி வந்ததும், "வயித்துல புண்ணாம். மாத்திரை குடுத்திருக்காங்க. மழை முடியறதுக்குள்ள சரியாயிடும்" என்றான். அவளும் வெல்லத்தண்ணீரும் சோளரொட்டியுமாகக் குடித்துத் தின்று நடமாடிக்கொண்டிருந்தாள். மெலிந்துதான் போனாள். நான்கூட, "நல்லதாப் போச்சு, உன் பழைய பாவாடையெல்லாம் சேரும்" என்று கிண்டல் செய்தேன். என் நாக்கில் தீயை வைக்க.

ஆகஸ்டில் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து தங்கினார்கள். அவர்களுக்கு ஒஸ்டியோனல் பயணத்தைச் சினியாதான் போட்டுக் கொடுத்தாள். எந்த ஆற்றை எந்த இடத்தில் தாண்ட வேண்டும், அங்கே யார் வீட்டில் தங்க வேண்டும், வெளிச்சம் அடிக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கிளம்புகிற அன்று காலையில் அந்த அம்மாள் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பின் சீட் முழுசும் காலி, நீயும் வாயேன், நாலு நாளில் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்றாள். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பின் சீட்டிலிருந்த பைகளை எடுத்துப் பின்னால் போட்டு இடமும் பண்ணிவிட்டாள்.

"போயேன்டி" என்றேன் நான்.

"என்ன அண்ணி, தள்ளி விடறீங்க? இந்த உடம்போட மழையில போய் எதுக்கு இழுத்துக்கணும்? டிசம்பர் ஆரம்பத்துல போறோம். மழை நின்னுடும், ஆறு வடிஞ்சுடும், விருந்தாளிங்க கூட்டமும் இருக்காது. நானும் தேறிடுவேன். ஆமை குறைச்சலா இருக்கும், பரவாயில்ல. இவரும் கூட வருவார். இல்லையா?"

எலியேசர் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமாமா. டிசம்பர்ல போகலாம்."

வண்டி போய்விட்டது. அவள் கையாட்டிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

அன்று மத்தியானம் எலியேசர் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் புருஷன் நவுடிலியோ ஆப்பிள் மரங்களுக்கு மருந்தடித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். எலியேசர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மச்சான், அது புண்ணு இல்ல. புத்துநோய். பரவிடுச்சாம். டாக்டர் என்னை வெளிய கூப்பிட்டுச் சொன்னார். கிறிஸ்துமஸ் வரைக்கும் கஷ்டம்னுட்டார்."

நவுடிலியோ தங்கையின் பேரைச் சொல்லிக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கோ அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது.

"அடப்பாவி! அப்போ இன்னைக்குக் காலையில பின் சீட் காலியாப் போச்சே, அதைப் பார்த்துக்கிட்டா நின்னே? ஏறுடின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவசரப்படுத்தினா ஏன்னு கேப்பா அக்கா. அவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"உண்மையச் சொல்லு!"

"எப்படிக்கா? டிசம்பர்ல போகலாம்னு அவ சிரிக்கறா. அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்லுவேன்?"

நவுடிலியோவும் அவன் பக்கம். "சொன்னா இன்னைக்கே படுத்துடுவா. அந்த நம்பிக்கையில நாலு நாள் நல்லா இருக்கட்டுமே" என்றான். ஊரே இப்படித்தான் யோசிக்கும். கடைசியில் நான் கெடு வைத்தேன். அடுத்த தேய்பிறைக்கு ஆமைகள் ஏறும். அதற்குள் ஏதாவது பொய்யைச் சொல்லியாவது அவளைக் கூட்டிக்கொண்டு போ. போகவில்லையென்றால் நான் சொல்லிவிடுவேன். எலியேசர் தலையாட்டினான். "ஆகட்டும் அக்கா, கண்டிப்பா."

அந்த "கண்டிப்பா"வை நான் நம்பினேன் பாருங்கள்.

வண்டி கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனான். பக்கத்து வீட்டுக்காரன், "அதுக்கென்ன, எடுத்துக்கோ" என்றான். சொன்ன நாளில் அந்த வண்டியை அவன் மகன் எங்கேயோ எடுத்துப் போயிருந்தான். அடுத்து பால்காரனிடம் வண்டி கேட்டான். "இதோ கொண்டுவந்து நிறுத்தறேன்" என்றான் பால்காரன். நிறுத்தவில்லை. யாரையாவது பிடித்து உலுக்கிக் கேட்டிருக்கலாம். எலியேசர் கேட்பானா? "பாவம், அவனுக்கு என்ன வேலையோ" என்று திரும்பி வந்தான். காரணத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஊரே வண்டியோடு வந்து நின்றிருக்கும். காரணத்தைத்தான் சொல்ல முடியாதே. தேய்பிறை வந்தது, போனது.

இதற்குள் சினியாவுக்கு நிற்க முடியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்தபடி டிசம்பர் பயணத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். வழியில் சாப்பிட வாழையிலையில் சோளமாவுப் பொட்டலம் நான் கட்டித் தர வேண்டுமாம். எலியேசருக்கு வண்டியில் குமட்டும், எலுமிச்சம்பழம் வேண்டுமாம். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள், மழைக்கு நடுவில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், அவள் கேட்டாள்.

"அண்ணி, டிசம்பர் நாலாம் தேதி சரியா இருக்குமா?"

"சினியா," என்றேன். "உனக்கு டிசம்பர் இல்லடி."

சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"அந்த சுவிஸ்காரங்க வண்டி வாசல்ல நின்னப்போ, அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவு பலவீனமான உடம்பிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"எந்த ஊர்க்காரனுக்கெல்லாமோ இந்த மாசம் வராதே, அந்த மாசம் வான்னு சொன்னேனே அண்ணி! முகம் தெரியாதவன் ஏமாந்து போகக் கூடாதுன்னு சொன்னேனே! எனக்கு எது மாசம்னு சொல்ல என் வீட்ல ஒருத்தருக்கும் வாய் வரலையா?"

எலியேசர் கொல்லையிலிருந்து ஓடி வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். அவள் காலடியில் மண்டியிட்டான். "இன்னைக்கே போகலாம். இப்பவே கிளம்பலாம். நான் உன்னைத் தூக்கிட்டுப் போறேன். பார்த்துடுவே சினியா, கண்டிப்பா பார்த்துடுவே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனில் விருந்தாளிகளிடம் பேசுகிற அதே குரலில் அவனிடம் பேசினாள்.

"இங்கேருந்து மலை ஏறி இறங்கி ஒரு நாள் பயணம். என்னால உட்கார முடியறது அரை மணி. அக்டோபர்ல ரெண்டு ஆறும் கரை புரண்டு ஓடும், வண்டி இறங்காது. வலி வந்தா வழியில ஊசி போட ஆள் கிடையாது. வேற யாராவது இப்படி ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? நீ சொல்லு. நான் ஆமையைப் பார்ப்பேனா?"

"ஆகட்டும், கடவுள் இருக்கார், பார்க்கலாம்..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலியேசர் எழுந்து சமையலறைக்குப் போனான். அங்கே அவன் அழுவது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. நான் எழுந்தேன். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே திரும்பி வந்து அவள் எதிரில் நின்றான்.

"இல்ல, சினியா. நீ பார்க்க மாட்டே."

"ம்" என்றாள். "இப்போ வா, பக்கத்துல உட்காரு."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் நிறையப் பேசினார்கள் என்று தெரியும். குடில்களை யாரிடம் விடுவது, எங்கே புதைப்பது, அவன் தனியாக எப்படிச் சமைப்பது எல்லாம் பேசியிருக்கிறார்கள். ஆகஸ்டை மட்டும் அவள் கடைசி வரை மன்னிக்கவில்லை. என்னிடமே சொன்னாள். "அவர் மேல கோவம் போகல அண்ணி. ஆனா அவரை விட்டா எனக்கு யாரு?"

நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு ஊரே வந்தது. வண்டி தருகிறேன் என்ற பக்கத்து வீட்டுக்காரன், பால்காரன், எல்லாரும். ஜெபம் சொல்லி முடித்த அம்மாள், எங்கள் ஊர் வழக்கப்படி, எலியேசரின் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னாள். "கவலைப்படாதேப்பா. அவ ஆசைப்பட்ட ஆமைங்களை இப்போ மேலேருந்து பார்த்துட்டுத்தான் இருப்பா."

இந்த மாதிரி நேரத்தில் "ஆமாம்மா" என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. எலியேசர் தலையை நிமிர்த்தினான்.

"இல்லம்மா. அவ பார்க்கல. வண்டி வந்து நின்னுச்சு, இடமும் இருந்துச்சு. நான் அவளை ஏறச் சொல்லல."

பால்காரன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இந்த ஊரில் ஒருத்தன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டு வயிறு குளிர வேண்டியவள் குழிக்குள் போய்விட்டாளே என்று, அங்கே அத்தனை பேர் நடுவில் நான் தலையிலடித்துக்கொண்டு அழுதேன்.