கோச் ஹென்ஷாவின் வயது

2001 மார்ச் 14, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் கேனில் தேதியைப் பார்த்துவிட்டுக் காபி கலந்தேன். வெஸ்ட் வின்ட்சர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பதினோரு நிமிடம். ரயிலில் யாரோ விட்டுப்போன உள்ளூர்ப் பத்திரிகை கிடந்தது. பழைய கல்லூரி ஜிம்மை இடிக்கப்போகிறார்களாம். படத்தைப் பார்த்ததுமே மூக்கில் தரைமெழுகும் தோல்பந்தும் வலித்தைலமும் மணத்தன.

1994-இல் அமெரிக்கா வந்தபோது என் முதல் காண்டிராக்ட் அந்த ஜிம்மின் அடித்தளத்தில்தான். பழைய விளையாட்டுப் பதிவட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கூட இருந்தவர் ஈரோட்டுச் செல்வம். அட்டைகளில் பாதி, வால்டர் ஹென்ஷா என்ற கோச்சைப் பற்றியவை. ஹெல்மெட் இல்லாத காலத்தில் கல்லூரியின் முதல் அமெரிக்க ஃபுட்பால் அணியைப் பழக்கியவர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் அவரே. அவருக்கு ஜிம் வாசலில் வெண்கலப் பலகை வைக்க ஏற்பாடாகியிருந்தது.

எனக்கோ மனிதர்களைவிட எண்களிடம் சந்தேகம் அதிகம். அட்டைகளின்படி அவர் ஐம்பத்தாறு வருடம் கோச். கடைசி ஆட்டத்தில் வயது எழுபத்தொன்பது. அந்த வருடமும் பையன்களோடு தினம் மூன்று மைல் ஓடினாராம்!

“ஏனுங்ண்ணா, செத்துப்போன மனுசன் மேலயுமா டவுட்டு? என்ட்டர் பண்ணிட்டு வாங்க, சாப்பிடப் போலாம்” என்றார் செல்வம்.

நான் போகவில்லை. ‘கோச்சின் வருடக் கணக்கு நம்பத்தக்கதல்ல’ என்று கல்லூரி அலுவலருக்கு எழுதிக் கொடுத்தேன். பலகை வேலை நின்றது.

பத்து நாள் கழித்துக் கோச்சின் மகள் தடியூன்றிப் படியிறங்கி வந்தார். எண்பத்து நான்கு வயது.

“எங்க அப்பா பொய் சொன்னார்னு எழுதினது நீங்களா?”

பெருமையோடு என் கணக்கைக் காட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். “இது அப்பா. இது அண்ணன். ரெண்டு பேருமே வால்டர் ஹென்ஷா. அப்பாவுக்கு அப்புறம் அண்ணன்தான் கோச்.”

நம்பாமல் போட்டோவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அங்கே ‘ஜூனியர்’ என்று இருந்தது. அட்டை எழுதியவர் அதை விட்டிருக்கிறார். எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். மகனுக்கு அப்பா பெயரையே வைப்பதை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. எனக்கும் அப்பா பெயரென்றால், புருஷன் பெயரைச் சொல்லாத என் அம்மா என்னை எப்படி அதட்டியிருப்பாள்?

“ஒரே வீட்டுல ஒரே பேருல ரெண்டு பேரா? ரேஷன் கார்டுக்காரன் ஒத்துக்க மாட்டானுங்” என்று செல்வம் முணுமுணுத்தார்.

அம்மையார் சிரிக்கவில்லை. “திருத்தி எழுதுங்க. நான் இருக்கும்போதே அந்தப் பலகையப் பாக்கணும்.”

அன்றே திருத்தம் எழுதினேன். அலுவலர் அதை இழுப்பறையில் போட்டு, “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். அடுத்த மாதம் என் காண்டிராக்ட் முடிந்தது. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவன், இதை ஒரு முறைகூட விசாரிக்கவில்லை.

ரயிலில் செய்தியை மறுபடி படித்தேன். புது ஜிம்முக்குக் கொண்டுபோகும் பலகைகளின் பட்டியலில் ஹென்ஷா இல்லை. மாலையில், பழைய டைரியில் குறித்திருந்த அம்மையாரின் எண்ணுக்கு அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. செல்வம் டெக்ஸாஸ் போய்விட்டார். கல்லூரியில் கேட்டால், அலுவலரும் ஓய்வுபெற்றுவிட்டாராம்.

மறுநாள் எழுந்ததும், காபிக்கு முன்பே, கல்லூரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் வால்டர் ஹென்ஷா, தந்தை. இரண்டாம் வரியில் வால்டர் ஹென்ஷா, மகன். பிழை என்னுடையது என்பது மூன்றாம் வரி.