அடியில் வெட்டிய பெயர்

விழுப்புரத்தில் எனக்கு ஒரு வாரம் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்காக எண்பதுகளில் நடந்த பயிற்சி. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் கரும்பலகையில் ‘தொழில் தொடங்குகிறவனுக்கு வேண்டிய குணங்கள்’ என்று எழுதி, அதன் கீழே துணிச்சல், பொறுமை, முன்யோசனை, பேச்சுத் திறமை என்று வரிசையாகப் பத்து எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நேராக நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். நான் எதற்கும் எட்டுக்குக் குறையாமல் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் திண்டிவனத்தில் என் அக்கா என் பெயரில் ஒரு கடையை நடத்திக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு என்னை அனுப்பியதே அவள்தான்.

அது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தவலை, கரண்டி, சாம்பார் வாளி, ஜமுக்காளம், இவை எல்லாம் விசேஷ வீடுகளுக்கு வாடகைக்குப் போய்த் திரும்பி வரும். அந்தக் கடை எப்படி வந்தது என்று சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்று புரியும்.

அக்காவுக்கு இருபத்தேழு வயதில் புருஷன் போய்விட்டார். லாரி மெக்கானிக். மஞ்சள் காமாலை வந்து ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் இரவல் வாங்கி வந்தோம். அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பந்தி முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வீட்டுப் பித்தளைக் கரண்டியைக் காணவில்லை. அந்த அம்மாளுக்கு அது தாய்வீட்டுச் சீதனம். வாசலில் நின்று அவள் போட்ட சத்தம், மாமாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று எழுந்த அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. அக்கா வெள்ளைப் புடவையில் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து என்னிடம் சொன்னாள். “அவ்ளோ துக்கத்துலயும் எனக்கு ஒண்ணு தோணிச்சுடா. எல்லா ஏனமும் ஒரே எடத்துல வாடகைக்குக் கெடச்சா, ஒரு கரண்டிக்காக இப்டி யாரும் பேச்சு வாங்க வாணாம் இல்ல?”

விழுப்புரத்தில் அந்த மாதிரிக் கடை ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே போய் எடுத்து, கண்டக்டரைக் கெஞ்சி, அண்டாவைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு வர வேண்டும். பாதி பேர் அந்த பேஜாருக்குப் பயந்தே இரவல் வாங்கினார்கள். இதையெல்லாம் அக்கா விசாரித்து வைத்திருந்தாள். கழுத்திலிருந்து இறக்கிய தாலிச் சரட்டை விற்றுத்தான் முதல் அண்டாக்களை வாங்கினாள். அழவில்லை. அழுதது நான்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. அதையும் அவளே சொன்னாள், நான் சொல்லக் கூசிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் தாலியறுத்தவள் கையால் வாங்க மாட்டார்கள். ஆகவே கடையில் நான் உட்காருவது, அவள் சாக்குத் திரைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. பாத்திரங்களில் பெயர் வெட்ட ஆள் வந்தபோது எல்லாவற்றின் விளிம்பிலும் என் பெயரை வெட்டச் சொன்னாள். முதலில் வாங்கிய பெரிய அண்டாவை மட்டும் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் தன் பெயரையும் வெட்டச் சொன்னாள். வெட்டுகிறவர் சிரித்தார். நானும் எதற்கென்று கேட்டேன்.

“கரி ஏறிட்டா யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சா போதும்” என்றாள்.

முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டினோம். நானாக இருந்தால் கடையைச் சாத்தியிருப்பேன். அக்கா ஒரு பையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினாள். ஒலக்கூர் பக்கம், பிரம்மதேசம் பக்கம், எங்கே சாவு என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவாள். சாவு வீட்டில் தன்னை யாரும் வராதே என்று சொல்ல மாட்டார்கள் என்பாள். அங்கே போய்ப் பெண்களோடு உட்கார்ந்து அழுவாள். அது நடிப்பில்லை, ஒவ்வொரு வீட்டிலும் அவள் மாமாவுக்காகத்தான் அழுதாள். கிளம்பும்போது அந்த வீட்டுப் பெரியவர் காதில், காரியத்துக்குப் பாத்திரம் தேடி அலைய வேண்டாம், நான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள். கடையின் முதல் வருடம் முழுக்கச் சாவு வீடுகளில்தான் ஓடியது. அடுத்த வருடம் அதே வீடுகள் கல்யாணத்துக்கு வந்தன. அவளை நினைத்து வந்து என் கையால் வாங்கிக்கொண்டு போனார்கள்.

முந்நூறு பேருக்குச் சமையல் என்று ஒருவர் வந்து சொன்னால் நான் முந்நூறு பேருக்குத்தான் பாத்திரம் எடுத்து வைப்பேன். திரைக்குப் பின்னால் இருமல் கேட்கும். உள்ளே போனால், எந்த ஊர், எந்த மாதம், அன்று சந்தை உண்டா என்று கேட்டு வரச் சொல்வாள். மல்லாட்டை பிடுங்கி, கடலை விற்ற காசு கையில் இருக்கும் சமயம் என்றால் ஜனம் பிள்ளைகுட்டியோடு வரும், ஒரு அண்டா சேர்த்துப் போடு என்பாள். நடவு நேரம் என்றால் குறைத்துவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. திரும்பி வரும் பாத்திரத்தில் கரண்டி குறைந்தால் மட்டும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பு. நசுங்கியதைக் கேள், ஓட்டையைக் கேள், கரண்டிக்காக ஒருத்தர் வாசலில் போய் நிற்காதே என்பாள். நான் இதைப் பொம்பளைப் பிள்ளையின் இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து சான்றிதழோடு வந்தவன் தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது. அடுத்த மாதம் ஒலக்கூர் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவர் வீட்டுக் கல்யாணம், திண்டிவனத்தில் சத்திரம். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய இடம் அதுதான். காலையில் பாத்திரம் இறக்கும்போது பரிமாறுகிற வாளிகளைக் கடையிலேயே விட்டுவிட்டேன். மறந்தது நான். முகூர்த்தம் முடிந்ததும் பந்தி போட வேண்டும், ஆள் அனுப்ப நேரமில்லை என்று அக்காவே ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பின்கட்டு வாசல் வழியாக, கைக்கு இரண்டாக வாளிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம்.

பெண்ணின் பெரியம்மா பார்த்துவிட்டு விவசாயியைக் கூட்டி வந்தாள். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. “தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தம்மாவோட கடைன்னு சொல்றாங்களே, நெசமா? நல்ல காரியம் பாருங்க” என்றார்.

“இல்லீங்க, கடை என்துங்க. அது ஏனம் கழுவுற பொம்பளைங்க” என்றேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா மூன்று முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான்கு வாளிகளையும் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். வந்த வழியே போய்விட்டாள். என் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அவள் கடைதான், இதோ போய்விடுவாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அதற்காகப் பாத்திரத்தைத் தூக்கி வெளியே எறிந்திருக்க மாட்டார், கேசரி அடுப்பில் இருந்தது. எனக்குப் பயம்கூட இல்லை. அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது, சொன்னேன். துணிச்சலுக்கு நான் எட்டு போட்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் எப்போதும் போலச் சோறு போட்டாள். மறுநாள் காலையில் கடைச் சாவியை என் முன்னால் வைத்தாள். யாவாரத்துக்காகச் சொன்னது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று நான் நிறையப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“ஊரு ஆயிரம் சொல்லிக்கீது. தொடச்சிப் போட்டுட்டுப் போய்க்கினே இருந்தேன். நீ சொன்னதத்தான்டா எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல.”

அந்த வாரமே விழுப்புரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் கோபம் தணிந்து வருவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபமே இல்லை என்பது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. வேறு கடையாவது போடு என்று பிறகு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இனிமேல் முடியாது என்றாள். ஊர் ஊராகப் பை தூக்கிக்கொண்டு போனவள் அவள். முடியாது என்று அவள் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கடையை ஒன்றரை வருடம் ஓட்டினேன். ஓட்டினேன் என்பதுகூடப் பொய், அவள் ஓடவிட்டது தானே ஓடி நின்றது. முந்நூறு என்றவர்களுக்கு முந்நூறுக்குக் கொடுத்து இரண்டு கல்யாணத்தில் பாத்திரம் பற்றாமல் பந்தி நின்றுபோனது. சாவு வீடுகளுக்கு நான் போகவில்லை, எனக்கு அங்கே என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரு காரியத்துக்குப் போன சாமான் திரும்பி வந்தபோது இரண்டு கரண்டி குறைந்தது. நேராகப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டேன். உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். புதிதாகத் தாலி இழந்தவள். சத்தத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அதற்குள் தெரு பார்த்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் விழுப்புரத்துக் கடைக்காரருக்கே விற்றுவிட்டு நெல் மண்டி ஒன்றில் எழுத்து வேலைக்குப் போனேன்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் விழுப்புரம், சத்திரமும் அங்கேயே. அக்காவைக் கூப்பிட விடுதிக்குப் போனேன். புகையில் கண் சிவந்து வெளியே வந்தாள். பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு எத்தனை பேர் என்று கேட்டாள். இருநூற்றைம்பது என்றேன்.

“தை மாசம். பொண்ணு உள்ளூரு. முந்நூத்தி இருவதுக்குச் சொல்லு” என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவாள். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான். அவள் போட முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சித்தப்பா மகள் ஒருத்தி பட்டுப்புடவையில் என் பின்னால் தயாராக வந்து நின்றாள். முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கூட்டத்தில் அக்காவைக் காணவில்லை. பின்கட்டில் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் தேவையில்லாமல் பேசிய வாய் இங்கே திறக்கவில்லை. சித்தப்பா மகள் குனிந்து இரண்டு முடிச்சையும் போட்டாள்.

சாப்பாடு முந்நூற்றிருபது பேருக்குச் சரியாக இருந்தது. எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டு போனார்கள்.

பந்தி ஓய்ந்ததும் மாலையும் கழுத்துமாக மனைவியைக் கூட்டிக்கொண்டு அக்காவைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன். பாத்திரம் தேய்க்கிற பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தடுத்தும் அக்கா கேட்கவில்லையாம். தரையில் உட்கார்ந்து, ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் என் பெயரை அடித்துவிட்டு விழுப்புரத்துக் கடைக்காரர் பெயரை வெட்டியிருந்தார்கள். அடியை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கரி விலகிய இடத்தில் அவள் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள்.

காலில் விழ நாங்கள் இருவரும் குனிந்தோம். அவள் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“கிட்ட வராதடா. கல்யாணத் துணி, கரி ஒட்டிக்கும்.”

நான் தள்ளி நின்றே கும்பிட்டேன்.