சிங்கம் விழாத படங்கள்

நனைந்த கம்பளியும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாசம் இருக்கிறது. அது எங்கேயாவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் முகம் தானாகச் சிரிக்கத் தொடங்கிவிடும், சந்தோசத்தில் அல்ல, பழக்கத்தில். லிண்டாவ் நகரத்தில் அகதிகளை வைத்திருந்த 'ஹைம்' என்ற விடுதியில் பெண்களுக்கென்று பார்வைக்கு நல்ல கோட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தேவாலயத்தில் யாரோ கொடுத்த கடுகு மஞ்சள் கோட். படம் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதைப் போட்டு, சிரித்து, கழற்றி, அடுத்த அறை அக்காவிடம் கொடுப்பார். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளுக்கு அந்த ஒரு கோட் வெவ்வேறு முகங்களோடு போய்ச் சேர்ந்ததோ, யார் கண்டது.

லிண்டாவ் ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், பெரிய ஏரிக்குள் இருக்கிற தீவு. அந்தப் பழைய துறைமுகத்தின் வாசலில் ஒரு பக்கம் வெளிச்சவீடு, மறுபக்கம் கல்லில் செய்த பென்னாம்பெரிய சிங்கம். எங்கெங்கிருந்தோ வருகிற சனம் ஐஸ்கிரீமும் கையுமாக அந்தச் சிங்கத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கும், பிறகு வெள்ளைக் கப்பலில் ஏறி ஆஸ்திரியாவுக்கோ சுவிசுக்கோ போய்வரும். எங்களுக்கு எல்லாம் கண்ணால் பார்க்க மட்டும்தான். கையிலிருந்த அகதித் தாளின்படி நாங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது.

ஹைமில் கமரா வைத்திருந்த ராசன் அண்ணைதான் எங்கள் படக்காரர். பெயருக்குத்தான் வசந்த காலம், குளிர் விட்டபாடில்லை. "குளிருதெண்டு முகத்திலை காட்டக் கூடாது அக்கா, வடிவாச் சிரியுங்கோ" என்பார். கப்பலிலிருந்து சனம் இறங்குகிற நேரம் பார்த்து, நாங்களும் இறங்கி வந்தவர்கள் போலத் தோன்றும்படி ஏணிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். "தம்பி, படத்திலை சிங்கம் விழாமல் எடும். இலங்கைக் கொடியிலை கண்டதே காணும்." ஊர் முழுக்கத் தேடிவந்து படம் எடுக்கிற சிங்கத்தை மிகக் கவனமாக வெட்டி விலக்கியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இவ்வளவு பாடும் அண்ணாவுக்காக. அப்பா முதலில் வந்துவிட்டார். பிறகு அம்மாவும் ஒன்பது வயது நானும் விசா கேட்காத கிழக்குப் பேர்லின் வழியாக வந்தோம். அண்ணாவுக்கு உயர்தரப் பரீட்சை, எங்கள் பேச்சில் 'சோதினை', இருந்தது. "சோதினை முடியட்டும், ஒரு வருசம்தானே" என்று அப்பா சொல்லியிருந்தார். ஆமிக்காரன் பெடியளைப் பிடித்துக்கொண்டு போகிற ஊரில், சோதினைக்காகப் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற சாதி வேறு உண்டோ தெரியாது, நாங்கள் விட்டுவிட்டு வந்தோம். அவன் சோதினை முடிப்பதற்குள் பேர்லின் பாதை அடைபட்டுப்போயிற்று. அவனைக் கூப்பிட வேறு வழி கிடைக்கும்வரை, அவன் மனம் உடையாமல் பெரியம்மா வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சிரிப்பெல்லாம்.

படங்களின் பின்னால் எழுதுவது என் வேலை. ஒற்றை அறையில் மூன்று பேர் படுப்பதையும், அப்பா யாருக்கும் தெரியாமல் அழுவதையும் எழுதக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். அந்தக் கட்டளை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் என்றால் அப்போது எனக்கு அவ்வளவு இனிப்பு. "அண்ணா, இண்டைக்கும் கப்பலிலை போனம். நல்ல பம்பல், ஒரே சிரிப்பு" என்று எழுதினேன். ஒருநாளும் ஏறாத கப்பல். ஒன்றல்ல, ஏழெட்டுப் படங்களில் எழுதினேன்.

அண்ணாவின் கடைசிக் கடிதம் நாலே வரி. "படங்கள் கிடைச்சது. நீங்கள் எல்லாரும் நல்லாய் இருக்கிறியள், சந்தோசம். இனி என்னைக் கூப்பிடுறதுக்கு ஒண்டும் கஷ்டப்பட வேண்டாம். எனக்கு இங்கை வேலை இருக்கு." அம்மா அதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அறை அறையாகப் போய்ச் சொன்னார். ராசன் அண்ணை மட்டும் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் பெரியம்மா எழுதியிருந்தார், அவன் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று. "உங்கடை படங்களை அடிக்கடி எடுத்துப் பாப்பான். 'என்னை மறந்திட்டினம் பெரியம்மா' எண்டு ஒருநாள் சொன்னவன். நான் விளையாட்டெண்டு நினைச்சன்." பிறகு அவனைக் கண்டவர் இல்லை. இருக்கிறான் என்றோ இல்லை என்றோ யாராவது சொல்லியிருந்தால் அழுது முடித்திருக்கலாம், யாரும் சொல்லவில்லை. பம்பல் என்று எழுதிய கை இதுதான். அந்த வயதில் எனக்கு என்ன தெரியும் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். என் மனம் அதைக் கேட்பதில்லை.

இப்போது ஹைம் இருந்த இடத்தில் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகள். அப்பா இல்லை. ராசன் அண்ணை கனடாவில். போன கோடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல்தரமாக அந்தக் கப்பலில் ஏறினேன். இரண்டு பேரிடமும் ஜெர்மன் கடவுச்சீட்டு, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துறைமுகம் தாண்டியதும் பக்கத்திலிருந்த ஒரு ஜெர்மன் பெண் என் கைபேசியைக் காட்டி, உங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்று அன்பாகக் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. ஆருக்கு அனுப்புறது?"