படுக்கைவாட்டில் ஒரு போன்

அலுவலகத்தில் அவளுக்கு ‘அங்குலம்’ என்றே பெயர். செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவள். யார் கையில் புதுப் போனைப் பார்த்தாலும், "இது எத்தனை அங்குலம்?" என்று கேட்டுவிடுவாள். சின்னப் போனோ பெரிய டேப்லெட்டோ, எதிலும் எழுத்து பிதுங்கக் கூடாது, பொத்தான் காணாமல் போகக் கூடாது.

மருத்துவமனைச் செயலி ஒன்றை முடித்துக்கொடுத்த வாரம், வீட்டுக் கூடத்தில் மாமனார் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்தபின் அவருக்கு இடது கைதான் உதவி. அதற்காகப் போனை ஸ்டாண்டில் படுக்கைவாட்டில் பொருத்தியிருந்தார்.

"என்ன மாமா, கழுத்து வலியா?"

"இல்லம்மா, பிசியோதெரபிக்கு நேரம் பதியணும். இது திரும்பவே மாட்டேங்குது."

பார்த்தால் அவள் செய்த செயலி! எழுத்தெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வேலை சுலபமாகட்டும் என்று திரை திரும்பாதபடி பூட்டியதே அவள்தான். சுருக்கென்றது.

மறுநாள் மேலாளரிடம் சொன்னாள்.

"படுக்கவச்சு யாரும்மா பாக்கப்போறாங்க?"

"எங்க மாமா பாக்கறார் சார்."

அவர் சம்மதித்தார். அவள் பூட்டை எடுத்தாள். போனைத் திருப்பினால் தேதிகள் இடப்பக்கமும் நேரங்கள் வலப்பக்கமும் வரும்படி மாற்றி அடுக்கினாள். பொத்தான் கீழே ஒளிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

திருத்திய செயலி வந்த அன்று மாமனார் கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பதிஞ்சிட்டேன், நானே!"

"ஏழு மணிக்கா? அவ்வளவு சீக்கிரம் யாரு மாமா கூட்டிட்டுப் போறது?"

"வேற யாரு, நீதான்."

சிரித்துக்கொண்டே அவள் அலாரம் வைத்தாள்.